எத்திசைப் பிள்ளைக்கும் திறந்த வாசல்

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் நியூ இங்கிலாந்து என்று வழங்கும் பிரதேசத்திலே, சிற்றூர்களின் நடுவே, செங்கற் கட்டடங்களும் வெள்ளை மணிக்கூண்டுமாக நிற்கும் விடுதிப் பள்ளிகள் பல உண்டு. அவற்றுள் சில அந்த நாட்டின் அரசியல் சாசனத்தைக் காட்டிலும் மூத்தவை. எட்டாம் வகுப்பை முடிக்கும் தறுவாயிலுள்ள பிள்ளைகளும், உயர்நிலைப் பள்ளியில் ஓரிரு வருஷம் படித்தபின் இடம் மாற விரும்பும் பிள்ளைகளும், இலையுதிர்காலம் பிறந்தவுடனே இந்தப் பள்ளிகளுக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்குகிறார்கள். பரீட்சை மதிப்பெண், கணித ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் தனித்தனியே எழுதித் தரும் நற்சாட்சிக் கடிதம், மாணவன் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரை, பெற்றோர் தம் பிள்ளையைப் பற்றி எழுதும் கட்டுரை, எல்லாவற்றுக்கும் மேலாக நேர்முகப் பேட்டி என்று அந்த விண்ணப்பம் விரிந்துகொண்டே போகிறது. பிரதான பள்ளிகளில் மார்ச் 10ஆம் தேதி முடிவு வெளியாகும். இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 10ஆம் தேதிக்குள் பதில் சொல்லிவிட வேண்டும். இடம் கிடைப்பவர் சிலர், கிடைக்காதவரே பெரும்பாலோர்.

இந்த ஏற்பாடு முழுவதும் பிள்ளையின் தகுதியை அளப்பதற்கென்றே அமைந்தது என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் இந்தப் பள்ளிகளின் சரித்திரத்தை ஆதியிலிருந்து படித்துவருகிறவனுக்கு வேறொன்று தெளிவாகிறது. வாசலில் வந்து நின்ற பிள்ளையிடம் எப்போதும் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டிருக்கின்றன. உனக்கு என்ன தெரியும் என்பது ஒன்று, உனக்காகப் பணம் கட்டுபவர் யார் என்பது மற்றொன்று. முதற் கேள்வியைப் பற்றி உரக்கப் பேசினார்கள். காலத்துக்குக் காலம் அதை மாற்றியும் வைத்தார்கள். ஆனால் உள்ளே போனவர் யார், வெளியே நின்றவர் யார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது இரண்டாவது கேள்விதான்.

1778ஆம் வருஷம், ஆங்கில அரசோடு காலனிகள் நடத்திய யுத்தம் முடியாமலிருந்த சமயத்தில், மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்து ஆண்டோவர் என்ற ஊரிலே சாமுவேல் பிலிப்ஸ் என்னும் 26 வயது வாலிபர், தம் தந்தையும் சிறிய தந்தையும் கொடுத்த பொருளைக் கொண்டு ஒரு பள்ளியை ஸ்தாபித்தார். வாஷிங்டனின் சேனைக்கு வெடிமருந்து அரைத்துக் கொடுத்த ஆலைக்குச் சொந்தக்காரர் அவர். ஒரு கையால் மருந்தரைத்து மறு கையால் பள்ளி கட்டிய அந்த வாலிபரின் மனத்திண்மை வியக்கத்தக்கது. பள்ளிக்கென்று அவர் வகுத்த சாசனத்தில், வேண்டிய தகுதியுடைய இளைஞர் எத்திசையிலிருந்து வந்தாலும் அவர்களுக்கு இந்த ஸ்தாபனம் என்றென்றும் சமமாகத் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை காணப்படுகிறது. தகுதி என்று அன்று கருதப்பட்டது அதிகமில்லை. ஆங்கிலம் நன்றாக வாசிக்கத் தெரிந்தால் போதும்.

ஒரு தச்சுப் பட்டறையை ஒழித்துச் சீர்செய்த கூடத்தில், எலிஃபலட் பியர்சன் என்ற கண்டிப்பான தலைமையாசிரியரின் முன்னே, முதல் மாணவர்கள் 13 பேர் உட்கார்ந்தார்கள். அவர்களுள் இளையவன் ஜோஸையா குவின்ஸி, 6 வயதுப் பாலகன். மூத்தவருக்கோ முப்பது வயதை எட்டும் பிராயம். பாலகனும் வளர்ந்த மனிதரும் ஒரே லத்தீன் இலக்கணத்தை ஒரே கூடத்தில் மனனம் செய்தார்கள். பொருள் விளங்காமலே திரும்பத் திரும்ப அந்த இலக்கணத்தை ஒப்பித்த அந்தப் பாலகன், பிற்காலத்தில் ஹார்வர்ட் சர்வகலாசாலையின் தலைவராக அமர்ந்தார். விடுதி என்று தனிக் கட்டடம் அன்று கிடையாது. காலையும் மாலையும் குடும்பத்தோடு ஜபம் செய்யும் வீடுகளைத் தேர்ந்து, அவற்றிலே பிள்ளைகளைத் தங்க வைத்தார்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் வாரந்தோறும் அந்த வீட்டாருக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஆகவே, சாசனத்தில் எத்திசையும் என்று எழுதியிருந்தபோதிலும், வாரப் பணம் கொடுக்க இயன்ற திசைகளிலிருந்தே பிள்ளைகள் வந்தார்கள்.

சாமுவேலின் சிற்றப்பா ஜான் பிலிப்ஸ் 1781இல் நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்து எக்ஸிடர் ஊரில் மற்றொரு பள்ளியை ஏற்படுத்தினார். அந்தப் பள்ளியின் பிரவேச முறை எப்படியிருந்தது என்பதற்கு ஒரு நல்ல சான்று நமக்குக் கிடைத்திருக்கிறது. 1796ஆம் வருஷம் எபனேஸர் வெப்ஸ்டர் என்ற குடியானவர், தம் 14 வயது மகனை அழைத்துக்கொண்டு குதிரை மேல் எக்ஸிடருக்குப் புறப்பட்டார். வீட்டில் மகனுக்கென்று வேறு குதிரை இல்லை. அயலார் ஒருவருடைய குதிரை கிடைத்தது. அதன்மேல் பெண்கள் ஒருபுறமாக உட்கார்ந்து செல்வதற்கான சேணம் பூட்டியிருந்தது. அதிலேயே பையனை ஏற்றி அழைத்துச் சென்றார். தலைமையாசிரியர் பெஞ்சமின் ஆபட், மூன்று மூலை மடித்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, உன் வயது என்ன என்று கேட்டு, பைபிளை எடுத்துக் கொடுத்து, லூக்கா சுவிசேஷத்தில் ஓர் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னாராம். பையன் வாசித்தான். நீ இந்தப் பள்ளியில் சேரத் தகுதியுள்ளவன் என்று ஆபட் அப்பொழுதே சொல்லிவிட்டார் என்று அவன் சரிதத்தை எழுதியவர்கள் கூறுவார்கள். அத்துடன் பரீட்சை முடிந்தது.

அந்தப் பையன்தான் டானியல் வெப்ஸ்டர். அமெரிக்க ஸெனட் சபையில் அவருக்கு நிகரான பிரசங்கி அந்த நூற்றாண்டில் இல்லை என்று சொல்லும்படி பிற்காலத்தில் விளங்கியவர். ஆனால் எக்ஸிடரில் படித்த சில மாதங்களில், வகுப்பின் முன்னே எழுந்து நின்று ஒரு பாடத்தை ஒப்பிக்க அவரால் முடியவே இல்லை. வீட்டில் எத்தனையோ முறை உருப்போட்டும், தம் பெயரைக் கூப்பிட்டவுடன், எல்லோர் கண்களும் தம்மேல் திரும்புவதைக் கண்டு இருக்கையை விட்டு எழ முடியாமற் போயிற்று என்று அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் ஊர்ப்புறத்து உடையைக் கண்டு சிரித்ததும் அவருக்கு மனவருத்தம் உண்டாக்கிற்று. கூச்சம் மிகுந்த அந்தக் குடியானவப் பிள்ளையை அன்று ஒரு பேட்டியில் உட்கார வைத்து, உன் லட்சியம் என்ன, நீ எப்படிப்பட்டவன் என்று கேட்டிருந்தால் வாயைத் திறந்திருப்பானோ என்பது சந்தேகமே. ஓர் அதிகாரத்தை வாசி என்று மட்டும் கேட்டதால் அவன் உள்ளே சென்றான்.

ஆண்டோவர்க் குன்றுக்கும் தமிழ்நிலத்துக்கும் ஒரு மெய்யான தொடர்பு உண்டு. அதை இங்கே சொல்லாமல் போவது நியாயமாகாது. பிலிப்ஸ் பள்ளியின் தர்மகர்த்தர்களே அதே குன்றின்மேல் 1808இல் ஒரு வேதசாஸ்திரக் கல்லூரியையும் நடத்தத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளியிலும், பிறகு அந்தக் கல்லூரியிலும் படித்துத் தேறிய டானியல் பூர் என்பவர் 1816ஆம் வருஷம் கிறிஸ்தவ மிஷனரியாக யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையில் தங்கினார். அவரும் அவர் கூட்டாளிகளும் முதலில் விடுதிப் பள்ளிகளையும், 1823இல் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்தர வித்தியாசாலையையும் ஏற்படுத்தினார்கள். நியூ இங்கிலாந்தில் பிள்ளைகள் பள்ளியைத் தேடி வந்தார்கள். யாழ்ப்பாணத்திலோ ஆரம்பத்தில் பள்ளிக்காரர்களே பிள்ளைகளைத் தேடித் திரிந்தார்கள். அந்நிய மதத்தார் வளவில் பிள்ளையைத் தங்கவிட்டால் குல ஆசாரம் கெட்டுவிடும் என்று அஞ்சிய பெற்றோரை இணங்க வைப்பது எளிதாயிருக்கவில்லை. பெண் பிள்ளைகளை அனுப்பச் சொல்வது இன்னும் அரிது. ஆயினும் 1824இல் உடுவிலில் பெண்களுக்கென்றும் ஒரு விடுதிப் பள்ளி தோன்றிவிட்டது.

வட்டுக்கோட்டையில் படித்த பிள்ளைகளுக்குச் சாப்பாடும் புத்தகமும் இனாம். செலவைக் கொடுத்தவர்கள் அமெரிக்காவிலிருந்த தர்மவான்கள். ஒரு பிள்ளையின் செலவை வருஷந்தோறும் ஏற்றுக்கொண்டவர், தாம் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு இடும் உரிமையைப் பெற்றார். யாழ்ப்பாணத்துப் புலமைச் சரித்திரத்தில் கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னால்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று காணும் பெயர்களின் முன்பாதி அப்படி வந்தது. பிள்ளையின் பெயரையே உபகாரிக்கு ஒப்புக்கொடுக்கச் செய்த அந்த ஏற்பாட்டை நான் மெச்சவில்லை. ஆனால், பணம் கட்டுபவர் யார் என்ற கேள்விக்கு முதலிலேயே விடை சொல்லிவிட்டதால், அந்த வாசல் குடியானவர் பிள்ளைகளுக்கும் திறந்தது என்பதை மறுக்க முடியாது. 1844 முதல் 1852 வரை அங்கே படித்த சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையும், அதே பள்ளியைச் சேர்ந்த விசுவநாதபிள்ளையும் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவர உழைத்தவர் அந்தத் தாமோதரம்பிள்ளையே.

நியூ இங்கிலாந்திலும் எத்திசையும் என்ற வாக்கு அங்கங்கே உண்மையானபோதெல்லாம் யாரோ ஓர் உபகாரி பின்னே நின்றதைக் காண்கிறோம். நீஜிமா ஜோ என்ற ஜப்பானிய வாலிபர், பிரஜைகள் நாட்டை விட்டு வெளியேறினால் மரண தண்டனை என்ற சட்டம் இருந்த காலத்திலே, 1864இல் ஹக்கோடாட்டே துறைமுகத்திலிருந்து இரகசியமாகக் கப்பலேறினார். ஷாங்காயில் ஏறிய இரண்டாவது கப்பலின் சொந்தக்காரர் பாஸ்டன் நகரத்து வர்த்தகர் ஆல்ஃபியஸ் ஹார்டி. அவர் ஆண்டோவர்ப் பள்ளியின் தர்மகர்த்தர்களில் ஒருவர். ஹார்டி குடும்பத்தார் நீஜிமாவைப் பிள்ளைபோல் ஏற்றுக்கொண்டு 1865இல் ஆண்டோவரில் சேர்த்தார்கள். அவர் 1875இல் கியோட்டோவில் நிறுவிய தோஷிஷா இன்று பெரிய சர்வகலாசாலை. அதே 1865இல் ஆண்டோவரிலிருந்து தேறி வெளியேறிய ரிச்சர்ட் கிரீனர், ஹார்வர்ட் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரானார்.

தகுதியைப் பற்றிய கேள்வியும் பணமுள்ளோரிடம் எவ்வளவு இளகிப் போகும் என்பதற்கு அதே காலத்து நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆபிரகாம் லிங்கனின் மூத்த குமாரர் ராபர்ட், 1859இல் ஹார்வர்டின் பிரவேசப் பரீட்சையை எழுதி, 16 பாடங்களில் 15இல் தவறினார் என்று பின்னாளில் தாமே சொன்னார். அவர் அப்படியே ஊர் திரும்பவில்லை. எக்ஸிடரில் ஒரு வருஷம் தங்கிப் படித்து, மறுவருஷம் ஹார்வர்டில் நுழைந்தார். மகனைக் காண வந்த தந்தை, 1860 மார்ச் மாதம் எக்ஸிடர் நகர மண்டபத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் நியூ யார்க்கில் கூப்பர் யூனியன் மண்டபத்தில் பேசி நாடறியப் பெயரெடுத்திருந்தார். தவறிய பிள்ளைக்கு இன்னொரு வருஷத்தை வாங்கிக் கொடுக்க, இல்லினாய் ராஜ்யத்தில் நன்றாகத் தொழில் நடத்திய அந்த வக்கீலால் முடிந்தது. அவரே பள்ளிக்கூடம் போனது எல்லாம் சேர்த்து ஒரு வருஷத்துக்கு உட்பட்டது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் ரயில்பாதையும் இரும்பும் எண்ணெயும் பெரும் செல்வர்களைப் படைத்த காலத்தில், இந்த வாசல் சில இடங்களில் ஏறக்குறைய அடைபட்டே போயிற்று. இங்கிலாந்தின் ஈட்டன், ரக்பி பள்ளிகளைப் பார்த்து அமைத்த புதிய பள்ளிகள் தோன்றின. 1884இல் எண்டிகட் பீபடி என்னும் பாதிரியார் நிறுவிய கிராட்டன் பள்ளி அவற்றுள் கீர்த்தி பெற்றது. ஆண்பிள்ளை பிறந்தவுடனே அவன் பெயரை இத்தகைய பள்ளிகளில் பதிந்து வைப்பது நியூ யார்க், பாஸ்டன் பெருங்குடும்பங்களின் வழக்கமாயிற்று. தொட்டிலில் கிடக்கும் சிசுவிடம் எந்தத் தகுதியைப் பார்த்துப் பெயர் பதிந்தார்கள்? தகப்பனாரையும் பாட்டனாரையும் பார்த்துத்தான். பிராங்கிளின் ரூஸ்வெல்ட் 1896இல் கிராட்டனில் சேர்ந்தபோது, அவரோடு படித்த பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே நகரங்களின் ஒரே வீதிகளிலிருந்து வந்தவர்கள். பீபடி பாதிரியார் தம் பிள்ளைகளைக் குளிர்ந்த நீரில் குளிக்க வைத்து, சிறு தடுப்பறைகளில் படுக்க வைத்து, எளிய வாழ்க்கைக்குப் பழக்கினார். அவருடைய நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும், எளிமையைச் செல்வர் பிள்ளைகளுக்குக் கற்பித்த அந்தப் பள்ளியில், எளியோர் பிள்ளைகளைக் காண்பது அரிதாயிருந்தது.

இதற்கு மாறாக நடந்தவர் ஒருவரை நன்றியோடு குறிப்பிட வேண்டும். 1902இல் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்து டீர்ஃபீல்ட் கிராமத்தில், 14 பிள்ளைகளே மிஞ்சி மூடும் நிலையிலிருந்த பழைய பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்த பிராங்க் பாய்டன், 1968 வரை 66 வருஷம் அந்தப் பதவியிலேயே இருந்தார். அவர் தமக்கென்று தனி அறை வைத்துக்கொள்ளவில்லை. பள்ளியின் முக்கியமான நடைகூடத்தில், பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு போய்வரும் வழியில், மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளையோடு சிறிது நேரம் பேசிவிட்டே அவனைச் சேர்ப்பதா என்று முடிவு செய்துவிடுவார். கட்டணத்தையும் அந்தந்தக் குடும்பத்தின் சக்தியைப் பார்த்தே வாங்கினார். எந்தப் பரீட்சையிலும் அகப்படாத பிள்ளைகளின் குணம் அவர் கண்ணுக்கு அகப்பட்டது என்று அவரை அறிந்தோர் சொல்வர். ஒரு மனிதரின் நல்ல மனத்தை நம்பி நடக்கும் முறைக்கு ஒரு குறை உண்டு. அவர் போனபின் அதை விதியாக எழுதி வைக்க முடியாது.

1930ஆம் வருஷம் எக்ஸிடரில் நிகழ்ந்த மாறுதல், பிரவேச முறையைப் பற்றியதல்ல என்றாலும் அதை வேரோடு மாற்றிவிட்டது. ஸ்டாண்டர்ட் எண்ணெய்க் கம்பெனியின் செல்வத்துக்கு வாரிசான எட்வர்ட் ஹார்க்னஸ் 58 லட்சம் டாலர் கொடுத்து, ஆசிரியர் ஒருவரும் பிள்ளைகள் பன்னிருவருமாக நீள்வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து உரையாடியே பாடம் கற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பின்வரிசை என்பதே இல்லாத அந்த மேஜையில் ஒளிந்துகொள்ள இடமில்லை. நல்ல முறை என்பதில் ஐயமில்லை. மற்றப் பள்ளிகளும் இதைப் பின்பற்றின. ஆனால் அதன் பிறகு, பேசக்கூடிய பிள்ளை யார் என்று பேட்டியில் பார்த்துச் சேர்ப்பது பள்ளிக்கு அவசியமாகிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் பெற்றோரோடு புத்தகத்தையும் அரசியலையும் பேசி வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பேட்டி இரண்டாவது வீடு. பெரியோர் முன்னே வாய் திறவாதிருப்பதே மரியாதை என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கோ, அது டானியல் வெப்ஸ்டர் எழ முடியாமல் உட்கார்ந்திருந்த வகுப்பறை.

பள்ளிக்கொரு பரீட்சை வைத்துப் பிள்ளைகளை அலைக்கழிக்காமல், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பரீட்சை வேண்டுமென்று பல பள்ளிகள் கூடி 1957இல் ஒரு மன்றத்தை நிறுவின. எஸ். எஸ். ஏ. டி. என்று சுருக்கமாக வழங்கும் அந்தப் பரீட்சையில் கணக்கு, வாசிப்பு, சொல்லறிவு என்ற மூன்று பகுதிகளுக்கு மதிப்பெண் உண்டு. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பகுதியும் 500 முதல் 800 வரை அளக்கப்படும். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் பிடித்துக்கொள்வதால், தெரியாத கேள்வியை விட்டுவிடுவதா, ஊகித்து எழுதுவதா என்று கணக்குப் பார்ப்பதையும் பிள்ளை பழக வேண்டியிருக்கிறது. பிறந்த குலத்தைப் பார்ப்பதைவிடப் பரீட்சை நியாயமானது. அதை நான் மனமார ஒப்புகிறேன். ஆயினும் ஒரு சொல்லுக்கு நிகரான சொல் எது என்று கேட்கும் பகுதியில், புத்தகம் நிறைந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை பாதி வழியைப் பிறப்பிலேயே கடந்துவிடுகிறது. மீதி வழிக்குத் தனி ஆசிரியரை அமர்த்திக்கொள்கிறது.

பரீட்சையைச் சீர்திருத்துவதால் மட்டும் திசைகள் விரிந்துவிடா என்பதை உணர்ந்த 23 பள்ளிகளின் தலைமையாசிரியர்கள், 1963இல் ஒன்றுகூடி, ‘எ பெட்டர் சான்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வாசலில் உட்கார்ந்து காத்திராமல், ஏழைகளும் கறுப்பின மக்களும் வாழும் நகர்ப்புறங்களுக்கு ஆள் அனுப்பிப் படிப்பில் வல்ல பிள்ளைகளைத் தேடினார்கள். கோடைக்காலத்தில் டார்ட்மத் கல்லூரியில் அவர்களைத் தங்க வைத்துத் தயார் செய்தார்கள். பள்ளிச் செலவையும் ஏற்பாடு செய்தார்கள். இந்தச் சரித்திரத்தில் என் மனத்துக்கு மிகவும் நெருங்கிய பகுதி இதுவே.

அப்படித் தேடிக் கண்டவர்களில் ஒருவர் சிகாகோ நகரத்துத் தென்புறத்தில் வறுமையில் வளர்ந்த டெவல் பாட்ரிக். 1970இல் அவர் மாஸசூஸெட்ஸில் உள்ள மில்டன் பள்ளிக்குப் புறப்படுமுன், கொண்டுவர வேண்டிய உடைகளின் ஜாபிதா ஒன்று வீட்டுக்கு வந்தது. வகுப்புக்கும் சாப்பாட்டுக்கும் ஜாக்கெட் அணிய வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. அந்தச் சொல்லுக்குத் தாம் அறிந்த பொருளின்படி, பாட்டனாரும் பாட்டியாரும் தாராளமாகச் செலவிட்டு, காற்றுக்கும் குளிருக்கும் போடும் மேலுறை ஒன்றைப் புதிதாக வாங்கிக் கொடுத்தார்கள். முதல் நாள் மற்றப் பிள்ளைகள் நீலக் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக நின்ற இடத்தில், அவர் அந்த மேலுறையோடு போய் நின்றார். பள்ளியின் எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றிவிட்ட பிள்ளை, ஜாபிதாவில் எழுதப்படாமலே எல்லோருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியவில்லை என்பதை அன்று கண்டார். 2007 முதல் 2015 வரை அதே மாஸசூஸெட்ஸின் கவர்னராக இருந்தபோதும், அதற்குப் பின்னும், இந்தச் சம்பவத்தை அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

பெண்களுக்கு இந்தப் பழம்பள்ளிகள் கதவைத் திறந்தது மிகவும் பிந்தி. ஆண்டோவரிலேயே 1829 முதல் ஆபட் பள்ளி என்று பெண்களுக்குத் தனியே ஒன்று நடந்துவந்தது. அது 1973இல் பிலிப்ஸ் பள்ளியோடு ஒன்றாக இணைந்தது. எக்ஸிடர் 1970இல் பெண்களைச் சேர்த்தது. டீர்ஃபீல்டிலோ, இடையில் நின்றுபோன அந்த வழக்கம் திரும்ப 1989 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது கேள்விக்கு முறையான விடை நம் காலத்தில்தான் எழுதப்பட்டது. 2007இல் ஆண்டோவரின் தர்மகர்த்தர்கள், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது குடும்பத்தால் பணம் கட்ட முடியுமா என்பதைப் பார்க்கவே கூடாது என்றும், சேர்த்துக்கொண்ட பிள்ளைக்குத் தேவைப்படும் உதவி முழுவதையும் பள்ளியே தர வேண்டும் என்றும் தீர்மானித்தார்கள். எக்ஸிடர் 2021இல் இதே தீர்மானத்துக்கு வந்தது. ஸ்தாபகர்கள் எழுதி வைத்த ஒரு வாக்கியத்தை மெய்யாக்க இருநூறு வருஷத்துக்கு மேல் ஆனது. நூற்றுக்கணக்கான தர்மவான்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த மூலதனமும் தேவைப்பட்டது. இப்படிச் செய்ய இயன்ற பள்ளிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. விடுதிக் கட்டணம் வருஷத்துக்கு 60,000 டாலருக்கு மேல் ஏறிவிட்ட இந்நாளில், மற்றப் பள்ளிகள் பெரும்பாலும் உதவித்தொகைக்கென ஒரு தொகையை ஒதுக்கி, அது தீரும்வரைதான் உதவி கேட்கும் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. இரண்டு பிள்ளைகள் ஒரே மதிப்பெண்ணோடும் ஒரேவிதமான நற்சாட்சியோடும் விண்ணப்பித்தால், உதவி வேண்டும் என்று படிவத்தில் குறித்த பிள்ளையின் விண்ணப்பம் அந்தப் பள்ளிகளில் இன்றும் இரண்டு முறை எடைபோடப்படுகிறது. உதவி வேண்டாத பிள்ளையின் விண்ணப்பத்துக்கு ஒரு முறை போதும்.